வரப்பில் நின்று படிப்பவருக்கு எழுதுவோம்

மரவள்ளியைச் சேலம், நாமக்கல் பகுதியில் நாம் குச்சிக்கிழங்கு என்போம். அதைத் தாக்கும் ஒருவகை மாவுப்பூச்சி 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் கேரளத்தில் காணப்பட்டது. விரைவில் நம் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. இது தாக்கினால் செடியின் நுனி சுருண்டு கொத்தாகி, வளர்ச்சி குன்றிவிடும்.

இப்பூச்சிக்கு இயற்கையிலேயே ஓர் எதிரி உண்டு. அதுதான் அனகைரஸ் லோபெசி என்னும் மிகச் சிறிய குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட இக்குளவியை, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டனர். ஆனால் குளவி விட்ட வயலில் பூச்சிமருந்து அடித்தால் குளவியும் மடிந்துபோகும்.

இதை விவசாயிக்குச் சொல்ல ஓர் இணையப் பக்கம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூச்சியின் லத்தீன் பெயர், குடும்பம், வாழ்க்கைச் சுழற்சி என்று தொடங்கி, மருந்து பற்றிய எச்சரிக்கையைக் கடைசியில் வைத்தால் என்ன ஆகும்? அதைப் படிக்குமுன்பே அவர் தெளிப்பானைத் தோளில் மாட்டியிருப்பார்!

ஆகவே, பக்கத்தின் வரிசை பாடநூலின் வரிசையாக இருத்தல் கூடாது. படிப்பவரின் கேள்விகளின் வரிசையாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் கண்ணில் படுவது சுருண்ட நுனி. அதன் படம் முதலில் வரட்டும். குளவி இருப்பதை எப்படி அறிவது, எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்பவை அடுத்து வரட்டும். தலைப்பில் மரவள்ளியோடு குச்சிக்கிழங்கு என்ற சொல்லும் இருந்தால்தான் அவர் தேடும்போது பக்கம் அகப்படும். எழுதிய தேதியும் தேவை. 2022-க்கு முந்திய பக்கத்தில் இக்குளவி இங்கு விடப்பட்ட செய்தி இருக்காதல்லவா?

"அப்படியானால் அறிவியல் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். அது கீழே விரிவாக இருக்கட்டும், விரும்புவோர் படிப்பர்.

அளவு சரிபார்க்காத தராசை ஆய்வுக்கூடத்தில் நாம் நம்புவதில்லை. எழுதிய பக்கத்துக்கும் அச்சோதனை வேண்டும். உங்கள் வீட்டு மோட்டாரை இயக்கும் முறையை எழுதி, அதை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். மோட்டாரைத் தொடாமல், ஒவ்வொரு படியிலும் என்ன செய்வார் என்று அவரே சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த வரிகளைத் திருத்தி எழுதுங்கள்.