புதுப் பாகத்தையும் அளந்து பாருங்கள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ரமணாசிரமம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நம் வாசகர்களுக்குக் கார்த்திகை தீபம் முடிந்ததும் ஒரே மாதிரி வேலை வரத் தொடங்கும். கோடைக்கு முன்னால் ஊருக்குப் போன வெளிநாட்டு அன்பர்கள் திரும்பி வந்து, மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டுப் போன பழைய புல்லட்டை வெளியே எடுப்பார்கள். கிரிவலப் பாதையை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன் ஃபோர்க்கில் ஆயில் கசியும். பட்டறையில் சீலை மாற்றிக் கொடுப்பார்கள். சில வாரத்தில் அதே வண்டி அதே கசிவோடு திரும்பி வரும். பழியெல்லாம் சீலின் தலையில் விழும்.

கசிவுக்கான காரணம் பெரும்பாலும் ஃபோர்க் பைப்பில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில், சீலுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குப் பைப் ஆயில் படாமல் வெறுமையாக நிற்கும். ஆவணி, புரட்டாசி மழையின் ஈரமும் தூசியும் அங்கே படிந்து, குரோமின் நுண்ணிய விரிசல் வழியே உள்ளே இறங்கித் துருவாகின்றன. முதல் வேகத்தடையில் ஃபோர்க் அமுங்கும்போது அந்தத் துரு சீலின் உதட்டை அரத்தைப் போல அராவிவிடும். பைப்பை மண்ணெண்ணெயில் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டும் இடம் சீல் ஓடும் எல்லைக்குள் இருந்தால், அந்தப் பைப்பில் எந்த சீலும் நிலைக்காது. எல்லைக்கு வெளியே இருந்தால் பயப்பட வேண்டாம், பைப் இன்னும் பல வருடம் உழைக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமலேயே நல்ல பைப்புகள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருப்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

ஏனென்றால் அவை சாதாரணப் பாகங்கள் அல்ல. ஆயில் தணிப்புள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை பி.எம்.டபிள்யூ 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. போருக்குப் பின் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையும் அந்த வழிக்கு வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த நிறுவனத்தோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையே எல்லாவற்றையும் செய்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் நம் ஊரில் உற்பத்தி நிற்கவில்லை. இத்தனை நீண்ட காலம் ஓடிய ஒரு மாடலில் மரையும் அளவும் நடுவில் மாறாமல் இருக்குமா? அங்குல மரை இருந்த இடத்தில் பின்னாளில் மெட்ரிக் வந்தது. அது போதாதென்று, ஐம்பது வருடத்தில் எந்தக் கை எந்த வண்டியின் ஃபோர்க் காலைக் கழற்றி எதில் மாட்டியதோ! ஆகவே ‘புல்லட் ஃபோர்க் பைப்’ என்று மட்டும் சொல்லிச் சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் வாங்கி வருவது சூதாட்டம். பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, மைக்ரோமீட்டரில் அளந்தே வாங்க வேண்டும்.

புதிதாக வந்த பைப்பையும் அளக்க வேண்டும் என்பதுதான் இந்த இதழில் நாங்கள் அழுத்திச் சொல்ல வந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததாலேயே அது நேராக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். தடித்த கண்ணாடிப் பலகைமேல் வைத்து மெதுவாக உருட்டுங்கள். பைப்புக்கு அடியில் தெரியும் வெளிச்சக் கீற்று விரிந்தும் சுருங்கியும் போனால் பைப் வளைந்திருக்கிறது. மேல், நடு, கீழ் என விட்டத்தை எடுங்கள், ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இன்னொரு முறையும் எடுங்கள். புது புஷ் அதில் கையால் தள்ளினால் வழுக்க வேண்டும், ஆடக் கூடாது. புது புஷ்ஷைத் தேய்ந்த பைப்பில் போட்டு ஆட்டம் போகவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இரண்டையும் அருகருகே நிறுத்தி உயரம் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும். லேசான வளைவை பிரஸ்ஸில் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்த பைப்பை நிமிர்த்தாதீர்கள். கேஸ் வைத்துச் சூடேற்றி நிமிர்த்துவதை எந்த நிலையிலும் நாங்கள் ஏற்க மாட்டோம். அதன்மேல் ஓர் உயிர் உட்காரப் போகிறது.

மாட்டும்போது அவசரம் காட்டும் இடங்கள் இரண்டு. பழைய புல்லட்டில் பைப்பின் தலை, ஹெட்லைட் அமரும் அலுமினிய வார்ப்புக்குள் மரையில் ஏறுகிறது. அது முழுக்க ஏறி உட்கார்ந்த பிறகே கீழ்த்தட்டின் கிளாம்ப் போல்ட்டை இறுக்க வேண்டும். முந்திக்கொண்டு இறுக்கினால் பைப் பாதியில் நிற்கும், மரையும் அடிபடும். சீலைக் கோக்கும்போது முனையில் வழவழப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆயில் தடவி இறக்குங்கள். அடுத்தது ஆக்சில். அது இரண்டு காலிலும் விரலால் தள்ளினாலே நுழைய வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ கோணல் இருக்கிறது. ஒரு பக்கக் கிளாம்பை இறுக்கி, மறுபக்கத்தைத் தளர்வாக விட்டு, ஹேண்டிலைப் பிடித்து நாலைந்து முறை நன்றாக அமுக்கினால் கால் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். அதன் பிறகு மறுபக்கக் கிளாம்பையும் இறுக்குங்கள். டிரம் பிரேக் தட்டு காலோடு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். கஸ்டமர் பாகத்துக்குக் காசு கொடுப்பார், பார்வைக்குக் கொடுக்க மாட்டார் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது நியாயமான மனக்குறை. அதற்கு நாங்கள் சொல்லும் வழி, பில்லில் ‘அளவு பார்த்த கூலி’ என்று தனி வரி போடுவது. எடுத்த அளவுகளை அதே தாளில் எழுதி, கழற்றிய பைப்பையும் துணியில் சுற்றி உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். துருக் குழி ஆழமில்லை என்றால் ஹார்டு குரோம் போட்டு, கிரைண்ட் செய்து மீட்கலாம். அதன் இரும்பு, இன்று கடையில் கிடைக்கும் பல பைப்புகளைவிட நல்ல இரும்பு.

பாகம் செய்து விற்பவர்களிடமும் ஒரு கோரிக்கை. பெட்டியின்மேல் வண்டியின் படத்தைப் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் விட்டம், நீளம், மரையின் வகை, எந்த வருட மாடலுக்குப் பொருந்தும் என்ற நான்கையும் தமிழில் அச்சிடுங்கள்.