வியர்வை வாடைக்கு வெட்கம் எதற்கு, சகோதரிகளே?



நான் ஓசூரில் வசிக்கும் இல்லத்தரசி. வயது முப்பத்தாறு. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். வியர்வை வாடைக்கு வீட்டிலேயே மருந்து தயாரிப்பது எப்படி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

எங்கள் வீட்டு மாடி ரூமில் நாலு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நாலு பேரும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். அதில் ஒருத்தி தர்மபுரி பக்கத்துக் கிராமம். பத்தொன்பது வயசு. போன வருஷம் வரலட்சுமி நோன்பு அன்று தாம்பூலம் வாங்கிக்கொள்ள எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன். அந்தப் பெண் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்துவிட்டாள். நான் யோசிக்காமல், ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "ஏன் பாப்பா, குளிச்சிட்டு வரக்கூடாதா? ஒரே வாடை அடிக்குதே!" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாம்பூலம் வாங்காமலே மேலே போய்விட்டாள். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ரெண்டு வாரம் கழித்து, அவளோடு தங்கியிருக்கும் பெண் வந்து, "அக்கா, அவ வேலையை விட்டுட்டு ஊருக்கே போறேன்னு சொல்றா. கையைத் தூக்கவே முடியல" என்றாள். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அக்குள் ரெண்டும் புண்ணாகிச் சிவந்து கிடந்தது! எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, நாரால் உரசி, அதன் மேலேயே ஸ்பிரேயையும் அடித்திருக்கிறாள். தம்பியின் ஐ.டி.ஐ. படிப்பு அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது.

"ஏம்மா, காலையில குளிச்சிட்டுப் போனா போதாதா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சு மணிக்கு பஸ்ஸுக்கா. மேல தண்ணி வர்றது ஆறு மணிக்கு மேலதானே. பிடிச்சு வைக்கிற ரெண்டு பக்கெட்டு நாலு பேருக்கு எப்படிக்கா போதும்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. மோட்டார் போடுவது யார்? நான்தான்! கரண்ட் பில் ஏறுகிறதே என்று தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை மட்டும் போடுகிறேன். தண்ணீர் தராதவளும் நான், வாடை என்று சொன்னவளும் நான்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விசாரிக்க ஆரம்பித்தேன். தோல் டாக்டரிடம் அந்தப் பெண்ணை அழைத்துப் போனேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தானாம். அதற்கு வாடையே கிடையாதாம்! அக்குள் போன்ற சில இடங்களில் வேறு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. வயசுக்கு வந்த பிறகுதான் அவை வேலை செய்யத் தொடங்கும். அதில் வருவதைத் தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. பயந்தாலும் பதறினாலும் இந்தச் சுரப்பி கூடுதலாகச் சுரக்குமாம். அதாவது, வாடை வருமோ என்று பயந்தாலே வாடை அதிகமாகும்! நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணைக் குத்திக்காட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கொரியா போன்ற நாடுகளில் பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாகவே அக்குள் வாடை மிகக் குறைவாம். அவர்கள் நம்மைவிடச் சுத்தக்காரர்கள் என்று அர்த்தமா? உடம்பு வாகு அப்படி. அவ்வளவுதான்.

சரி, இந்த வெட்கத்தை நமக்குள் விதைத்தது யார்? என் மகள் செல்போனில் படித்துச் சொன்னாள். கடையில் விற்கும் முதல் வாடை மருந்து 1888-ல் அமெரிக்காவில் வந்ததாம். ஆனால் பெண்கள் பெரிதாக வாங்கவில்லை. 1919-ல் ஒரு கம்பெனி, அங்கே ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. உன் மேல் வாடை வருவது உனக்கே தெரியாது, மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள் என்ற மாதிரி பயமுறுத்தல்! பல வாசகிகள் கோபப்பட்டுப் பத்திரிகையையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் விற்பனை ஏறியதாம். நூறு வருஷம் கழித்தும் அதே கதைதான். நம் நாட்டிலேயே 2022 ஜூனில் ஆண்களுக்கான ஒரு பாடி ஸ்பிரே விளம்பரம் பெண்களை அவ்வளவு கேவலப்படுத்தியதால், மத்திய அரசே தலையிட்டு அதை நீக்கச் சொல்ல வேண்டி வந்தது. இவர்கள் விற்பது வாசனையை அல்ல சகோதரிகளே, பயத்தை!

இப்போது நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் தோற்றதைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய், ஆப்ப சோடா, ஆரோரூட் மாவு மூன்றையும் குழைத்துத் தடவச் சொல்லி ஒருவர் செல்போன் வீடியோவில் காட்டினார். நானும் செய்தேன். மூன்றே நாளில் எனக்கு அக்குளில் அரிப்பும் தடிப்பும் வந்துவிட்டது. நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. சோடா காரம். ரெண்டும் ஒத்துப்போகாது. எலுமிச்சம்பழமும் அப்படித்தான். தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துப்போகும். வீட்டுச் சாமான் என்பதால் உடம்புக்கு நல்லது என்று நினைக்காதீர்கள்.

ஜெயித்தது நம் பாட்டி காலத்துப் படிகாரம். சலூன் கடைகளில் சவரம் செய்த பிறகு தேய்ப்பார்களே, அதேதான். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா 'பட்டிக' என்பார். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வாங்கிப் பொடி செய்துகொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் பொடியைக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிவையுங்கள். தகர மூடி வேண்டாம், அரித்துவிடும். குளித்து நன்றாகத் துடைத்த பிறகு பஞ்சில் நனைத்து அக்குளில் ஒற்றி, காயவிட்டுப் பிறகு ரவிக்கை போடுங்கள். படிகாரம் பாக்டீரியாவை அடக்கும், தோலையும் கொஞ்சம் இறுக்கும். முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். கீறல், புண் இருந்தால் தடவவே வேண்டாம்.

வாசனை வேண்டுமானால் வெட்டிவேரைக் கொதிக்கவைத்த தண்ணீரில் படிகாரத்தைக் கரைக்கலாம். ஆனால் அது சீக்கிரம் கெட்டுவிடும். ரெண்டு நாளைக்குத் தேவையானது மட்டும் செய்து பிரிட்ஜில் வையுங்கள். ஓசூர்தான் ரோஜாவுக்குப் பேர்போன ஊராச்சே, ரோஜா போடலாமா என்று கேட்பீர்கள். பசுமைக் குடிலில் வளர்க்கும் ஏற்றுமதி ரோஜாவில் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள், மணமும் அவ்வளவாக இருக்காது. வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா இருந்தால் போடுங்கள்.

குளிக்கப் பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு, கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் சேர்த்து அரைத்த பொடி நல்லது. மிளகாய் அரைத்த மிஷினில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருதடவை கொடுத்துவிட்டுப் பட்ட பாடு போதும்!

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். படிகாரக் கல்லையே அழகாக வெட்டி, 'அலுமினியம் இல்லாதது' என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். படிகாரமே அலுமினியம் கலந்த உப்புதான்! இதனால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் நிரூபணமானதல்ல என்றார் டாக்டரம்மா. கிட்னி கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தடவுங்கள். உடம்பு வாடை திடீரென்று மாறினாலும், காரணமே இல்லாமல் வியர்த்துக் கொட்டினாலும் கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

துணியையும் கவனியுங்கள். பாலியஸ்டர் துணியில் வாடை தங்கிவிடும், காட்டனில் அவ்வளவு தங்காது. எங்கள் பக்கம் குடிக்க 2013 முதல் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. துவைக்கவும் குளிக்கவும் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அழுக்கும் போகாது. அதனால் ரெண்டு மூன்று தடவை அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும் என் கருத்து ஒன்றுதான். படிகாரம் வாடையைப் போக்கும். தண்ணீர் இல்லாத குறையைப் போக்குமா? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, தொழிலாளர்கள் கழுவிக்கொள்ள வசதி இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக மறைவாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2020-ல் பாராளுமன்றம் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. எட்டு மணி நேரம் கோட்டும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு நிற்கும் பெண்ணுக்கு மாற்றிக்கொள்ள இன்னொரு செட் உடுப்பும், கழுவிக்கொள்ளத் தண்ணீரும் கொடுப்பது கம்பெனியின் கடமை. வாடகை வாங்கும் நாமும் அதே கடமைப்பட்டவர்கள்தான். லேத் பட்டறையிலிருந்து எண்ணெயும் வியர்வையுமாக வரும் என் வீட்டுக்காரரை, "உழைச்ச உடம்பு" என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே உழைப்பில் வியர்த்த பெண்ணை மட்டும் ஏன் சுத்தமில்லாதவள் என்கிறோம்?

ஒருத்தியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், தனியாகக் கூப்பிட்டு, தாய் மாதிரிச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் அவளுக்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒரு தடவை மோட்டார் போடுகிறேன். கரண்ட் பில் கொஞ்சம் கூடத்தான் வருகிறது, வரட்டும். அந்தப் பெண்ணுக்குப் புண் ஆறி, வேலைக்குப் போய் வருகிறாள். போன வெள்ளிக்கிழமை மாடிக்கே போய் வெற்றிலை பாக்கு, பூ, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்து, "அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதே கண்ணு" என்றேன். "பரவால்லக்கா" என்று வாங்கிக்கொண்டாள். அவள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் மனசு கேட்கவில்லை.

இதைப் படிக்கும் சகோதரிகளாவது என்னைப் போல் அவசரப்பட்டுப் பேசாமல் இருந்தால், அதுவே எனக்குப் போதும்.

— ஒரு வாசகி, ஓசூர்.