நகைப்பிற்குரிய உபாத்தியாயினி

ஆசிரியரை நகைத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய பரமார்த்த குருவின் கதையைப் படித்துச் சிரியாத தமிழ் மாணாக்கர் எவர்? ஆயின் ஆங்கு நகைப்பிற்கு இடமாவது குருவின் பேதைமை. நம் காலத்து நகைச்சுவையோ பேதைமையை விட்டுக் கசப்பைப் பற்றிக்கொண்டது; அக்கசப்பையும் ஒரு பெண்ணின் தனிமையோடு முடிச்சிட்டது. அம்முடிச்சு நியாயமானதுதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

1989 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி நெடுங்காலம் நடைபெற்றுவரும் ‘சிம்ப்சன்ஸ்’ என்னும் கேலிச்சித்திரத் தொடரை நம் மாணாக்கரிற் பலர் அறிவர். அதில் நான்காம் வகுப்பு ஆசிரியை எட்னா கிரபாப்பெல் என்பவள். கணவனைப் பிரிந்தவள், புகைபிடிப்பவள், ஏளனம் முழுவதையும் ‘ஹா’ என்னும் ஓரெழுத்தில் அடக்குபவள். பார்ட் என்னும் குறும்பனோடு அவளுக்கு ஓயாத போர். இவ்வளவே கண்டோர், “மணவாழ்வு முறிந்தது, மனமும் கசந்தது” என்று தீர்ப்புக் கூறிவிடுவர்.

ஊன்றிக் காண்பார்க்கு வேறொன்று புலனாகும். 1990 இல் வந்த ஒரு கதையில், தேர்வில் தவறிய பார்ட் அழுதுகொண்டே தன் தோல்வியை, 1754 இல் வாஷிங்டன் ஒரு கோட்டையை இழந்து சரணடைந்ததற்கு ஒப்பிடுகிறான். பாடம் அவன் மனத்திற் பதிந்தமை கண்ட எட்னா, ஒரு மதிப்பெண் கூட்டி அவனைத் தேறச் செய்கிறாள். 1992 இல் வந்த கதையில், துணை நாடி அவள் செய்த விளம்பரத்திற்குப் பார்ட் பொய்ப்பெயரிற் காதற்கடிதம் எழுதி விளையாடுகிறான். வாராத ஒருவனுக்காக அவள் உணவு விடுதியிற் காத்திருந்து கலங்குதலைக் கண்டபின் அவன் நகைப்பு அடங்குகிறது. வீட்டார் துணையோடு அவள் உள்ளம் நோகாதவாறு இறுதிக் கடிதம் ஒன்று எழுதுகிறான். அக்கதையில் எட்னாவுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் அம்மையார் அவ்வாண்டே எம்மி விருது பெற்றார். 1995 இல் வந்த கதையிலோ, செலவைச் சுருக்கிய தலைமையாசிரியரை எதிர்த்து ஆசிரியர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துபவளும் அவளே. ஆகவே அவள் கசப்பின் வேர் இல்லத்தில் மட்டுமன்று, பள்ளியின் வறுமையிலும் ஊன்றியுள்ளது என்பது தெளிவு.

இதனை நம் எளாவூர்ப் பக்கத்தில் வைத்துக் காண்போம். சென்னையினின்று கொல்கத்தா செல்லும் இருப்புப்பாதையில் ஆந்திர எல்லைக்கு அண்மையில் உள்ளது இவ்வூர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் தொலைவிலன்று. தமிழும் தெலுங்கும் வழங்கும் இப்பகுதிக்குத் தொழில் நாடி வடமாநிலத்தாரும் வந்துள்ளனர். பல தாய்மொழிச் சிறுவரை ஒருங்கிருத்திப் பாடஞ்சொல்லும் ஆசிரியை மாலையிற் குரல் கம்மி முகஞ்சுளித்தால், கணவனோடு வாழ்பவளாயின் “பாவம், களைப்பு” என்பர். பிரிந்தவளாயின் “அதனால்தான்” என்பர். ஒரே சுளிப்பிற்கு இரு நீதியா?

கணவனின்றி வாழும் ஆசிரியையரால் இந்நாடு இழந்தது யாது? பெற்றதே மிகுதி. இளமையிலேயே கைம்மையுற்ற சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1911 இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளங்கைம்பெண்கள் தங்கிக் கற்க ஓர் இல்லம் கண்டார். அவ்வழி வந்தோர் பலர் ஆசிரியையராயினர். விவாகரத்து உரிமையையோ சென்னை மாகாணம் இந்துக்களுக்கு 1949 இலேயே சட்டமாக்கியது. 1955 இல் மத்திய சட்டமும் வந்தது. சட்டம் தந்த விடுதலையை ஊர்வாய் பறிக்கலாமோ?

“ஆசிரியையின் கடுமை குற்றமன்றோ?” எனின், குற்றமே. சிறுவர் உள்ளத்தைச் சொல்லாற் சுடுபவர் யாவரேயாயினும் திருந்துதல் வேண்டும். ஆயின் அக்குற்றத்தை வகுப்பறையில் வைத்து விசாரிக்க; அவர் படுக்கையறையில் தேடற்க.

இக்கல்லூரியில் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராவர். பழைய மாணவர் பலர் பெற்றோராய்ப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அமர்வர். கசந்த முகமுடைய ஆசிரியை ஒருவரைப் பற்றி அவர்பால் முறையீடு வருமாயின், அவர் முதலில் வினவ வேண்டியவை மூன்று: வகுப்பிற் பிள்ளைகள் எத்தனை பேர்? துணையாசிரியர் உண்டா? அவர் ஓய்வாக அமர ஓர் அறை உண்டா? கணவர் எங்கே என்பது அக்குழு வினவத்தக்க வினாவன்று.