தோப்புக்குப் புல்வெட்டி: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

மழைக்குப் பின் தோப்பில் புல் முழங்கால் உயரம் நிற்கும்; வெட்ட ஆள் கிடைக்காது. உடனே இயந்திரம் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அமர்ந்து ஓட்டும் சிறிய புல்வெட்டி சமதளப் புல்வெளிக்கானது. மட்டையும் கல்லும் கிடக்கும் தென்னந்தோப்பில் அதன் பிளேடு தாங்காது. வாய்க்கால் கரையில் வண்டி கவிழவும் கூடும். ரோட்டவேட்டர் ஓட்டினால் களையோடு மரத்தின் மேல்வேர்களும் அறுபடும். தென்னையின் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் இருக்கின்றன.

தோப்புக்கு ஏற்றது மினி டிராக்டரில் பூட்டும் ஸ்லாஷர். 25 அடி இடைவெளியில் நட்ட தென்னையில் அது தாராளமாகப் போகும். ஊடுபயிரோ தாழ்ந்த மாங்கிளையோ இருந்தால், மிகக் குறுகிய வழியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். புல்லை மூன்று நான்கு அங்குலம் விட்டு வெட்டி, அப்படியே மூடாக்காகப் போடுங்கள், ஈரம் காக்கும். தூரைச் சுற்றிக் கையால் வெட்டுவதே நல்லது. கல் தெறிக்கும், அருகில் யாரும் நிற்க வேண்டாம்.

இரண்டு மூன்று ஏக்கருக்குச் சொந்த இயந்திரம் கட்டுப்படியாகாது. வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கடனில் வாங்கிய இயந்திரம் கொட்டகையில் நின்றாலும் வட்டி நிற்காது.