‘அரசியல் வேண்டாம், பாட்டு மட்டும் பாடுங்க பாஸ்!’

ஒரு ராக் கச்சேரி முடிந்ததும் தீவிர ரசிகர்கள் முதலில் தேடுவது செட்லிஸ்ட்டைத்தான். அன்றைக்கு மேடையில் எந்தெந்தப் பாட்டு, எந்த வரிசையில் வந்தது என்ற பட்டியல் அது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் அவரது ‘ஈ ஸ்ட்ரீட் பேண்ட்’ குழுவுக்கும் உள்ள ரசிகர்கள் இந்தப் பட்டியலைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல வரிவரியாகப் பார்ப்பார்கள். ‘நேற்று இருந்த பாட்டு இன்றைக்கு ஏன் இல்லை? கடைசியில் வரவேண்டியதை முதலிலேயே ஏன் பாடினார்?’ என்று விடிய விடிய விவாதம் நடக்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1972-ல் உருவான இந்தக் குழு, ஒரே பட்டியலைத் தினமும் ஒப்பிக்கும் குழு அல்ல என்று பெயர் வாங்கியது. ரசிகர்கள் பாட்டின் பெயரை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள். நம்மூர் கச்சேரியில் துண்டுச்சீட்டு போவதுபோலத்தான். ஸ்பிரிங்ஸ்டீன் ஓர் அட்டையை வாங்கி, குழுவிடம் காட்டிவிட்டு அந்தப் பாட்டை ஆரம்பித்துவிடுவார். 2012 ஜூலையில் ஹெல்சின்கியில் அவர் பாடிய கச்சேரி 4 மணி நேரத்தையும் தாண்டியது!

இந்தப் பட்டியல் சண்டை, 2025 மே 14 அன்று பெரிய அரசியல் சண்டையாக மாறியது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சுற்றுப்பயணத்தின் முதல் நாள். 75 வயது ஸ்பிரிங்ஸ்டீன் மேடைக்கு வந்ததும், அமெரிக்காவின் இப்போதைய ஆட்சி ஊழல் மிகுந்தது, திறமையற்றது, தேசத் துரோகமானது என்று வெளிப்படையாகவே பேசினார். அதன் பிறகுதான் முதல் பாட்டு. இடையிலும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதிபர் டிரம்ப் சும்மா இருப்பாரா? ஸ்பிரிங்ஸ்டீனுக்குத் திறமையே கிடையாது, ஊர் திரும்பும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பதிவு போட்டார். பதிலுக்கு ஸ்பிரிங்ஸ்டீன் தரப்பு மே 21 அன்று, மேடைப் பேச்சுகளையும் சேர்த்து அந்தக் கச்சேரியின் சில பாடல்களை ஒரு சிறு தொகுப்பாக வெளியிட்டது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘காசு கொடுத்து வந்தது பாட்டு கேட்க. பிரசங்கம் எதற்கு?’ என்றது ஒரு தரப்பு. ‘இத்தனை வருஷமா இந்த மனுஷன் என்ன பாடினார்னு கேட்கவே இல்லையா?’ என்றது இன்னொரு தரப்பு. அவரது சொந்த மாநிலமான நியூஜெர்சியில், டாம்ஸ் ரிவர் ஊரில் ஒரு மதுக்கூடம், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களை மட்டும் பாடும் உள்ளூர்க் குழுவின் நிகழ்ச்சியையே ரத்து செய்தது. அங்கே வரும் வாடிக்கையாளர்கள் டிரம்ப் ஆதரவாளர்கள் என்பதுதான் காரணம். மான்செஸ்டரில் பேசியது ஒருவர், நியூஜெர்சியில் வேலை போனது வேறு யாருக்கோ.

சரி, பேச்சை விடுங்கள். ‘பாட்டு மட்டும்’ என்று கேட்கும் ரசிகருக்காக மான்செஸ்டர் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ‘ரெயின்மேக்கர்’ என்ற பாட்டு, வறட்சியில் தவிக்கும் மக்களிடம் மழை வரவைக்கிறேன் என்று சொல்லி ஏமாற்றுபவனைப் பற்றியது. ‘யங்ஸ்டவுன்’, எஃகு ஆலைகள் மூடப்பட்ட ஓஹியோ நகரத் தொழிலாளியின் கதை. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் வீரனின் குமுறல். பேச்சு மொத்தத்தையும் வெட்டி எடுத்தாலும் அரசியல் அந்தப் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இது அவருக்குப் புதிதும் இல்லை.

1984-ல் தேர்தல் பிரசாரத்துக்காக நியூஜெர்சி வந்த அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் பாராட்டினார். ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ ஆல்பம் அப்போதுதான் வெளியாகி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த சில நாள்களில் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபருக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று லேசாகக் கிண்டலடித்துவிட்டு, ‘ஜானி 99’ பாட்டை எடுத்தார். கார் தொழிற்சாலை மூடியதில் வேலை இழந்து, கடைசியில் கொலைக் குற்றவாளியாக நிற்பவனின் கதை அது. பதில் சொல்ல ஒரு பாட்டே போதுமானதாக இருந்தது.

1988 ஜூலையில் கிழக்கு பெர்லின். லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எந்த அரசுக்கும் ஆதரவாகவோ எதிராகவோ வரவில்லை, தடைகள் எல்லாம் ஒருநாள் உடையும் என்ற நம்பிக்கையில் பாட வந்திருக்கிறேன் என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு, பாப் டிலனின் ‘சைம்ஸ் ஆஃப் ஃப்ரீடம்’ பாடினார். அடுத்த ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. 37 ஆண்டுகள் கழித்து மான்செஸ்டர் கச்சேரியை அவர் முடித்ததும் அதே பாட்டில்தான். அந்தக் கடைசிப் பாட்டைப் பார்த்தபோது பழைய ரசிகர்களுக்கு ஏன் சிலிர்த்தது என்பது இப்போது புரிகிறதா?

2000-ல் நடந்தது இன்னும் கடுமையானது. ஆயுதம் எதுவும் இல்லாத அமடூ டியாலோ என்ற கினி நாட்டு இளைஞரை, அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் போலீஸார் சுட்டுக் கொன்றிருந்தார்கள். சுடப்பட்டது 41 தடவை. அதைப் பற்றி ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய ‘அமெரிக்கன் ஸ்கின் (41 ஷாட்ஸ்)’ பாட்டை மேடையில் பாடியதும், நியூயார்க் போலீஸ் சங்கத் தலைவர் கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொன்னார். பட்டியலிலிருந்து அந்த ஒரு பாட்டைத் தூக்கியிருந்தால் பிரச்னை முடிந்திருக்கும். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனிலேயே அதைப் பாடினார். அரங்கத்தில் சிலர் கூச்சல் போட்டு எதிர்ப்பு தெரிவித்தார்கள்.

ஆக, ‘பாட்டு மட்டும் பாடுங்க’ என்ற கோரிக்கை இவரிடம் செல்லாது. ஆனால் ரசிகர்களின் இன்னொரு கோபம் இருக்கிறது. அதை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

‘பாஸ்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு எப்படி வந்தது தெரியுமா? ஆரம்ப நாள்களில் கச்சேரி முடிந்ததும் பணத்தை வாங்கி, குழுவினருக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது இவர் வேலை. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். ஃபேக்டரி, பஸ் என்று மாறி மாறி வேலை பார்த்த அப்பாவின் பிள்ளை, உழைப்பாளிகளின் வாழ்க்கையைப் பாடித்தான் இந்த உயரத்துக்கு வந்தார்.

2022 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, கூட்டம் ஏற ஏற விலையும் ஏறும் முறையில் சில இருக்கைகள் 5,000 டாலர் வரை போயின. மற்றவர்கள் செய்வதைத்தான் இந்த முறை நாங்களும் செய்தோம் என்று ஸ்பிரிங்ஸ்டீன் பேட்டியில் நியாயப்படுத்தினார். அவரது ரசிகர்களுக்காக 1980-ல் தொடங்கிய ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ பத்திரிகை, 2023 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தது. டிக்கெட் விவகாரத்தில் மனம் விட்டுப்போனதுதான் முக்கியக் காரணம். 2023 சுற்றுப்பயணத்தில் பாட்டுகளும் தினமும் பெரிதாக மாறவில்லை. முதுமையும் மரணமும் என்று ஒரு கதையாகக் கோத்த பட்டியல் அது. இறந்துபோன நண்பர்களுக்கான பாட்டு அதில் நடுநாயகமாக இருந்தது. ‘அழகான பட்டியல்’ என்று நெகிழ்ந்தவர்களும், ‘எங்க பாஸ் இப்படி ஒரே மாதிரி பாடமாட்டாரே’ என்று ஏங்கியவர்களும் ஒரே அரங்கத்தில்தான் இருந்தார்கள்.

பத்திரிகை வேலைக்கு வந்து சில வருடங்களே ஆன எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ பகுதிதான். 43 வருடங்கள் அவர் பாடிய ஒவ்வொரு பட்டியலையும் எழுதி வைத்தவர்கள் அவர்கள். அவர் டிரம்ப்பைத் திட்டியதற்காக விலகவில்லை. மூடிய ஆலையின் தொழிலாளியைப் பற்றிய பாட்டைக் கேட்க, அந்தத் தொழிலாளியால் டிக்கெட் வாங்க முடியுமா என்ற கேள்வியில் விலகினார்கள். மேடையில் என்ன பேசவேண்டும், எதைப் பாடவேண்டும் என்பது கலைஞரின் உரிமை. பிடிக்காதவர் கூச்சல் போடலாம், எழுந்து போகலாம். ஆனால், யாருக்காகப் பாடுகிறாரோ அவர் உள்ளே வர முடிகிறதா என்பதும் அரசியல்தானே? இந்தக் கேள்விக்கு மான்செஸ்டர் பட்டியலில் பதில் இல்லை.

நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த பாடகர் மேடையில் உங்களுக்குப் பிடிக்காத அரசியல் பேசினால், அடுத்த பாட்டு வரும்வரை காத்திருப்பீர்களா, எழுந்துபோவீர்களா?