கருவி வாங்கினால் போதுமா?



திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றின் உள்ளே நீங்கள் போயிருக்கக்கூடும். வட்டப் பின்னல் எந்திரம் சுழலச் சுழல, நூல் துணியாகி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பணம் இருந்தால் அந்த எந்திரத்தை வாங்கிவிடலாம். ஆனால் ஒடிந்த ஊசியை மாற்றவும், நூலின் இழுப்பைச் சரிசெய்யவும் கைதேர்ந்த ஃபிட்டர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் எந்திரம் வெறும் இரும்புதான். நம் பல்கலைக் கழகங்கள் ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும்போது, திருப்பூர் அறிந்த இந்த உண்மையை மறக்கலாகாது என்பது என் கருத்து. புற்றுநோய்க்கான நானோ தொழில்நுட்பத்தை வைத்து இதை விளக்குகிறேன்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பருத்தி இழை ஒன்றின் அகலமே ஏறத்தாழ 15,000 நானோமீட்டர். மருந்தை இதைவிடச் சிறிய துகளாக்குவதால் என்ன பயன்? பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து நீரில் எளிதில் கரையாது. ஆகவே ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து அதை ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. பிறகு விஞ்ஞானிகள் அம்மருந்தை அல்புமின் என்ற இரத்தப் புரதத்துடன் பிணைத்து, ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினார்கள். கரைப்பானின் தேவை ஒழிந்தது. 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

இத்துறைக்கும் துணித் தொழிலுக்கும் தொடர்பு உண்டு. பாலிமர்க் கரைசலை ஊசி முனை வழியே மெல்லச் செலுத்தி, பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், அது பருத்தி இழையைவிடப் பன்மடங்கு மெல்லிய இழையாக நீளும். இது மின்நூற்பு எனப்படும். கொச்சியிலுள்ள அமிர்தா நானோ அறிவியல் மையத்தினர் பாக்ளிடாக்செல் மருந்து பொதிந்த இழைகளை நூலாக்கி, அந்நூலைத் துணியாக நெய்தார்கள். வயிற்றினுள் வைத்தால் நெடுநாள் மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் துணி அது. விலங்குகளில் சோதித்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சோதனை நிலையிலிருந்து சிகிச்சை நிலைக்கு இத்தகைய முயற்சிகள் வந்து சேர நீண்ட காலம் ஆகும்.

இப்படிப்பட்ட துணியை உருவாக்க யார் யார் வேண்டும்? இழையை அறிந்தவர், வேதியியல் கற்றவர், உயிரணுவை ஆய்பவர், மருத்துவர். இவர்கள் பேசுவது ஒருவருக்கொருவர் விளங்கவேண்டும். அப்படிப்பட்ட ஆளைக் கடையில் வாங்க முடியாது. பல ஆண்டுகள் பயிற்றுவித்துத்தான் உருவாக்கவேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 2010-இல் இதற்கென்றே பல்கலைக் கழகங்களில் பயிற்சி மையங்களுக்கு நிதி அளித்தது. இந்தியாவில் 2007-இல் தொடங்கிய நானோ இயக்கத்துக்கு, ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆய்வுக்கூடங்களோடு ஆட்களை உருவாக்குவதும் அதன் நோக்கமாக இருந்தது.

இத்தகைய நிதி தானாக வந்துவிடாது. பல்கலைக் கழகம் விண்ணப்பம் எழுதவேண்டும். எந்தச் சிக்கலை ஆராயப் போகிறோம், எந்தெந்தத் துறையினர் கற்பிப்பார்கள், ஆண்டுக்கு எத்தனை மாணவர்கள், அவர்களுக்கு மாதம் எவ்வளவு உதவித்தொகை என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். அந்த விண்ணப்பத்தில் கருவிப் பட்டியலுக்கு முன்னால் மாணவர் உதவித்தொகை வரவேண்டும் என்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். திருப்பூரில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை மறுநாளே பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கலாம். ஆராய்ச்சி என்றால் பட்டங்கள் முடித்தபின் மேலும் ஐந்தாறு ஆண்டுகள். தொழிலாளியின் குடும்பம் அதுவரை எப்படித் தாங்கும்? தேசிய அளவிலான தேர்வில் தேறி இளநிலை ஆராய்ச்சியாளர் ஆகிறவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ஆனால் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. உதவித்தொகை இல்லாத ஆய்வுக்கூடத்தில் வசதி உள்ளவர் பிள்ளைகள் மட்டுமே நுழைய முடியும். அறிவுள்ள மற்றப் பிள்ளைகளை நாடு இழந்துவிடும்.

"புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கும் சோதனை எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேரவில்லை, அதற்குள் நானோ ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்தச் சோதனைகள் இன்றே உயிர்காப்பவை. அவற்றுக்கான பணத்தில் கைவைக்கக் கூடாது. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1954-இல் சிறிய மருத்துவமனையாகத் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றையும் சேர்த்தே வளர்த்தது.

கோயமுத்தூரில் பாரதியார் பல்கலைக் கழகம் இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் துணித் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். புற்றுநோய் மருத்துவமனைகளும் உள்ளன. ஒரு மணிப் பயணத்தில் நூலையும் பின்னலையும் அறிந்த திருப்பூர். இவர்கள் கூடி ஒரே விண்ணப்பம் எழுதினால், அதற்கு ஈடான விண்ணப்பம் வேறு எந்த வட்டாரத்திலிருந்து போகும்?

நண்பர்களே, உங்கள் பங்கு இன்றே தொடங்குகிறது. வேதியியல் கடினம் என்று ஒதுக்காதீர்கள். கல்லூரியில் சேரும்போது, "இங்கே ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை உண்டா?" என்று தயங்காமல் கேளுங்கள். பலர் கேட்டால்தான், விண்ணப்பம் எழுதுவோர் அதை நினைவில் வைப்பார்கள்.