முழுகியது மீளும்

சின்னக் காஞ்சீபுரத்து அத்திவரதர் 2019-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அனந்தசரஸிலிருந்து எழுந்தருளி, 48 நாள் சேவை சாதித்து, மறுபடியும் நீருக்குள் சென்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முன் அவர் வெளிவந்தது 1979-ல். இனி வருவது 2059-ல். அவர் வருவாரென்பதில் ஊராருக்கு ஐயமில்லை, தவணையும் தெரியும். பூகோளத்தின் தென்கோடிச் சமுத்திரத்திலும் ஒரு பொருள் முழுகிக்கொண்டிருக்கிறது. அது மீளும் என்பதை மட்டும் உலகம் மறந்துவிடப் பார்க்கிறது. தெய்வ காரியத்தை உவமைக்கு இழுத்ததை ஆஸ்திகர்கள் பொறுப்பார்களாக.

அப்பொருள் கரியமிலவாயு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர் ஆகாயத்தில் விடும் இவ்வாயுவில் சுமார் கால்பங்கைக் கடல்கள் வாங்கிக்கொள்ளுகின்றன. அதிலும் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென் சமுத்திரத்தினுடையது. குளிர்ந்த நீர் வாயுவை அதிகமாய்க் கரைக்கும். குளிர்ந்து, உப்பும் ஏறிக் கனத்த நீர் ஆழத்திற்கு இறங்குகையில் வாயுவும் உடன் இறங்குகிறது. மேற்பரப்பிலுள்ள நுண்பாசிகளும் அதை உண்டு வளர்ந்து, மடிந்தபின் ஓரளவு கீழே கொண்டுசெல்கின்றன. ஆனால் அதே சமுத்திரத்தில், பல நூறு வருஷம் ஆழத்தில் கிடந்த பழைய நீர் காற்றின் பலத்தால் மேலெழும்பித் தன்னிடமுள்ள வாயுவில் ஒரு பகுதியை ஆகாயத்திற்குத் திருப்பித் தந்துவிடவும் செய்கிறது.

தென் சமுத்திரத்தில் இரும்புச்சத்து குறைவு. அதைத் தூவினால் பாசி பெருகும், பாசி பெருகினால் வாயு முழுகும் என்பது ஒரு கட்சி. இதைப் பரீட்சித்துப் பார்த்தவர்களில் நம்மவரும் உண்டு. 2009-ல் கோவாவிலுள்ள தேசிய சமுத்திரவியல் ஸ்தாபனமும் ஜெர்மனியின் ஆல்பிரட் வெக்னர் ஸ்தாபனமும் சேர்ந்து, ‘போலார்ஷ்டெர்ன்’ கப்பலில் சென்று, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைக் கரைத்தன. ஹிந்தியில் இரும்பைக் குறிக்கும் ‘லோஹா’ என்ற சொல்லையே முன்வைத்து அம்முயற்சிக்கு ‘லோஹாபெக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். தூவியது வேறொன்றுமன்று, நம் சாயக்காரர்கள் அறிந்த அன்னபேதிதான். ஜெர்மன் சுற்றாடல் இலாகாவின் ஆட்சேபத்தால் காரியம் சில நாள் தடைப்பட்டு, ஜனவரிக் கடைசியில் அனுமதி கிடைத்தது.

பாசி பெருகவே செய்தது. ஆனால் கனத்த ஓடு கட்டி ஆழத்திற்கு இறங்கும் இனத்துக்கு வேண்டிய சிலிகா அந்நீரில் தீர்ந்துபோயிருந்தது. வளர்ந்த மெல்லிய பாசிகளைச் சிறு பூச்சிகள் மேய்ந்தன. அவற்றைப் பெரியவை தின்றன. ஆழத்திற்குப் போனது சொற்பமே.

பரிசோதனை தோற்றதென்று சொன்னவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அனுகூலமற்ற முடிவை மறைக்காமல் வெளியிட்ட நமது விஞ்ஞானிகள் தேசத்துக்கு நல்ல பெயரே தேடித்தந்தார்கள். ஆனால் கடலில் எதையேனும் தூவிவிட்டு, ‘இத்தனை டன் புதைத்தோம், விலை கொடுங்கள்’ என்று கேட்கும் வியாபாரத்துக்கு அம்முடிவு உகந்ததன்று. 2023-ல் இந்திய சர்க்கார் கரியமில வரவுகளை வாங்கி விற்கத் திட்டம் வகுத்துவிட்டபடியால் இது ஏட்டுப் பேச்சல்ல. எவ்வளவு ஆழத்தில், எத்தனை வருஷத்துக்கு என்று அளந்து காட்டாத எந்தப் புதையலையும் அக்கணக்கில் சேர்க்கலாகாது. அளப்பதற்கோ, 2004 முதல் நம்மவர் தென் சமுத்திரத்திற்குச் சென்றுவரும் யாத்திரைகள் தடைபடாமல் நடக்கவேண்டும். அளவுகள் மிகக் குறைவாயிருக்கும் பனிக்கால மாதங்களிலும் அளந்துவர வசதி செய்யவேண்டும். இவ்விரண்டுக்கும் வரும் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்குமாறு டில்லியைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.